வெள்ளக்கடைப் பாட்டியின் கைப்பேச்சு



போன தை மாதம் சேர்வராயன் மலையில், ஏற்காட்டைத் தாண்டி வெள்ளக்கடையில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். காப்பிப் பழம் பறிக்கும் பருவம். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காலைப் பனி இன்னும் விலகவில்லை. ஒரு வீட்டு வாசலில் பாட்டியும் எட்டு வயதுப் பேத்தியும் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. பேத்திக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கும் சில சொற்கள் பிடிபட்டன. இடது கையை மூடி, அதன்மேல் வலது கை விரல் நுனிகளால் குத்திக் குத்திக் காட்டினால் பலாப்பழம். மூக்கின் ஓரத்தைத் தொட்டால் பாட்டி, அவர் மூக்குத்தியை வைத்து. உள்ளங்கையை இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்துக் கீழே இறக்கினால் சேலம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போகும் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

"யார் பாட்டி இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லிக் குடுக்கறது? அதுவா செய்யும். நாங்க பாத்துப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டோம்" என்றார்.

அந்தப் பதில் என்னை விடவே இல்லை. பல மாதங்களாகச் சைகை மொழி பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் நாள். அந்த மாத இதழில் இதை உங்களோடு பேச வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பாட்டி சொன்னது அப்படியே உண்மை. சூசன் கோல்டின்-மெடோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் கவனித்து வந்தார். காது கேட்கும் பெற்றோருக்குக் காது கேளாமல் பிறந்து, எந்தச் சைகை மொழியும் அறிமுகமாகாத பிள்ளைகள். அவர்கள் தாங்களாகவே சைகைகளை உண்டாக்கிக்கொள்கிறார்கள். அதைவிட வியப்பு, அந்தச் சைகைகளை ஓர் ஒழுங்கில் அடுக்குகிறார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டில் வினைச்சொல் முன்னால் வரும், பொருள் பின்னால் வரும். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை பொருளை முதலில் காட்டி, செயலைப் பிறகு காட்டியது. தைவானில் சீன மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். 1998ல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. தாயின் கையசைவுகளில் அத்தனை ஒழுங்கு இல்லை. பிள்ளையின் கையில் இருந்தது. வெள்ளக்கடைப் பேத்தி முதலில் பலாவைக் காட்டி, அடுத்து வெட்டுவதைக் காட்டியது நினைவுக்கு வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. "பலா வெட்டு." தமிழும் அப்படித்தானே சொல்கிறது!

ஆனால் இதோடு நின்றால் பாதிக் கதைதான் சொன்னதாக ஆகும். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பலாவைப் பற்றிப் பேசலாம், பேருந்தைப் பற்றிப் பேசலாம். நாளை மறுநாள் நடக்கப்போவதை, நடந்திருக்கக்கூடியதை, பொய்யை, கனவை, கடவுளை எப்படிப் பேசுவது? ஒரு மொழி முழுதாக வளரப் பலர் வேண்டும். நிகரகுவா நாட்டில் நடந்தது இதற்குச் சாட்சி. 1977ல் மனாகுவா நகரில் காது கேளாத பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி தொடங்கினார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், அது ஏறவில்லை. பிள்ளைகளோ விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் தத்தம் வீட்டுச் சைகைகளை ஒன்றாகக் கலந்தார்கள். பின்னால் வந்த சிறு பிள்ளைகள் அதைக் கற்று, இலக்கணம் ஏற்றி, ஒரு புது மொழியாகவே ஆக்கிவிட்டார்கள்.

காது கேளாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். தாய்மொழி தாயிடமிருந்து கிடைக்காத நிலை அது. பேச்சு மொழியோ சைகை மொழியோ, முதல் சில ஆண்டுகளுக்குள் ஒரு முழு மொழி கிடைக்காத பிள்ளைக்குப் பிறகு எந்த மொழியின் இலக்கணமும் கடினமாகிவிடுகிறது. காதுக் கருவியும் காக்ளியர் சிகிச்சையும் நல்லவைதான், கிடைப்பவர்கள் பெற்றுக்கொள்ளட்டும். அதற்காகக் கையைக் கட்டிப்போட வேண்டியதில்லை. அப்படிக் கட்டிப்போட்ட காலம் ஒன்று இருந்தது. 1880ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது, சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. அதன் நிழல் உலகம் முழுக்க வகுப்பறைகளில் நூறு வருடம் விழுந்தது. 2010ல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடுதான் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் எத்தனை பிள்ளைகள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ, நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மதன் வசிஷ்டாவைப் பற்றி உங்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் காக்ரேட் கிராமத்துக்காரர். பதினொரு வயதில் காய்ச்சலில் காது போயிற்று. மாடு மேய்த்துக்கொண்டும் வயல்வேலை செய்துகொண்டும் வளர்ந்தவர், புகைப்படக்கலை கற்கத் தில்லிக்குப் போனார். அங்கேதான் தன்னைப் போன்றவர்கள் கைகளால் சரளமாகப் பேசுவதைக் கண்டு, அந்த மொழியைக் கற்றார். 1967ல் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலாடெட் கல்லூரிக்குச் சென்றார். வில்லியம் ஸ்டோகி என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1960ல் அமெரிக்கச் சைகை மொழிக்கும் சொல்லமைப்பு உண்டு, கைவடிவம், இடம், அசைவு ஆகியவை சேர்ந்து சொல் பிறக்கிறது என்று முதன்முதலில் நிறுவியது அதே இடத்தில்தான். வசிஷ்டா அந்தக் கண்ணோட்டத்தோடு இந்தியச் சைகைகளை ஆராய முனைந்தார். ஜேம்ஸ் வுட்வர்ட், கிர்க் வில்சன் ஆகியோருடன் சேர்ந்து 1970களின் பிற்பாதியில் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களில் சைகைகளைச் சேகரித்தார். சொற்களில் ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தாலும் அடியில் ஓடும் இலக்கணம் ஒன்றே, இது இந்த மண்ணில் வளர்ந்த தனி மொழி என்று அந்த ஆய்வு காட்டியது. நம் சென்னை அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்கு ஒரு குறைதான். ஆனாலும் பின்னாளில் கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் பல மாநிலங்களின் சைகைகளைத் திரட்டி அகராதி செய்து அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது.

அந்த இலக்கணத்தைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு ஒரு தனி இன்பம் உண்டு. இந்திய சைகை மொழியில் வினை கடைசியில் வரும். "இது புத்தகம்" என்று நாம் சொல்வதுபோல நடுவில் இணைப்பு வினை எதுவும் தேவைப்படாது. கேள்விச் சொற்களைப் பாருங்கள். கேள்விக்கென்று ஒரு பொதுச் சைகை இருக்கிறது. அதை 'நேரம்' என்ற சைகையோடு சேர்த்தால் எப்போது. 'இடம்' என்பதோடு சேர்த்தால் எங்கே. 'முகம்' என்பதோடு சேர்த்தால் யார். நாம் 'எ' என்ற எழுத்தைப் பொழுதோடு சேர்த்து எப்பொழுது என்றும், இடத்தோடு சேர்த்து எவ்விடம் என்றும் ஆக்குகிறோமே, அதே வித்தை! நாம் முன்னால் ஒட்டுகிறோம், அவர்கள் பின்னால் ஒட்டுகிறார்கள். கேள்விச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். பெண் என்பதற்கு மூக்குத்தி போடும் இடத்தைத் தொடுவார்கள். ஆண் என்பதற்கு மீசை. வெள்ளக்கடைப் பேத்தி யாரும் சொல்லாமலே பாட்டிக்கு வைத்த பெயரும் அதே மூக்குத்திதான்.

முகமும் இலக்கணம்தான். தலையசைப்பிலும் புருவத்திலும் கேள்வியும் மறுப்பும் அமைகின்றன. நானும் இந்த மொழியைக் கற்கத் தொடங்கியபோது எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது இதுதான். கை சொல்லும், முகம் மறந்துபோகும். கற்பித்த தம்பி, காது கேளாதவர், பொறுமையாக என் புருவத்தைத் தொட்டு உயர்த்திக் காட்டுவார். சைகை மொழி உலகம் முழுவதற்கும் ஒன்று என்ற எண்ணமும் அவரிடம்தான் எனக்கு உடைந்தது. இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஆங்கிலம் பேசினாலும் அவற்றின் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று புரியாதவை. நாம் எழுத்துக்கூட்டும் இரண்டு கை முறை மட்டும் பிரிட்டனிலிருந்து வந்தது; மொழி நம்முடையது.

தமிழ்நாட்டில் காது கேளாதோர் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி 1890களைச் சேர்ந்தது. ஏற்காட்டுக்கும் ஓர் இழை இருக்கிறது. 1917 முதல் அங்கே மான்ட்போர்ட் பள்ளியை நடத்தும் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள்தான், 1962ல் சென்னை அடையாறில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான செயின்ட் லூயிஸ் பள்ளியைத் தொடங்கினார்கள்.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். 'ஊமை' என்ற சொல்லை வீட்டிலும் எழுத்திலும் விட்டுவிடுவோம். சைகை மொழி தெரிந்தவர் ஊமை இல்லை. அவர் பேசுவது நமக்குத்தான் தெரியவில்லை. அடுத்தது, பத்துச் சைகையாவது கற்றுக்கொள்ளுங்கள். 2015ல் தில்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021ல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. காணொளிகளாக யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது. முடிந்தால் காது கேளாத ஒருவரிடமே கற்றுக்கொள்ளுங்கள், அவருக்குரிய கட்டணத்தைக் கொடுத்து. மளிகைக் கடையில், மருந்துக் கடையில், தாலுகா அலுவலகத்தில் "என்ன வேண்டும்?" என்று கையால் கேட்க ஒருவர் இருந்தால் போதும், அந்த மனிதரின் அன்றைய நாளே மாறிவிடும். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் வழங்கும் சைகைகளையும் எழுதி அனுப்புங்கள். படம் வரைந்து அனுப்பினால் இன்னும் மகிழ்ச்சி. அடுத்த இதழ் முதல் அவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறோம்.

வெள்ளக்கடைப் பேத்தி ஜூன் மாதம் மலையிறங்கி, விடுதியுடன் கூடிய பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். "அங்க போனா நம்ம கைப்பேச்ச மறந்துருமா கண்ணு?" என்று பாட்டி என்னிடம் கேட்டிருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆடிப் பண்டிகை விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்த ஊர் நண்பர் தொலைபேசியில் அழைத்துக் காணொளியில் காட்டினார். பேத்தியின் கைகள் இப்போது எனக்குப் புரியாத வேகத்தில் ஓடின. பலாப்பழத்துக்கு மட்டும் பழைய சைகைதான். பாட்டியை எதிரில் உட்கார வைத்து, விரல்களைப் பிடித்துத் திருத்தித் திருத்திப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பாட்டி அன்று கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம் இது: நீ, வீடு, வருவது, எப்போது? கேள்வி கடைசியில் வந்தது. புருவமும் சரியாகவே உயர்ந்தது.

அன்புடன்,
ஆசிரியர்