கூண்டில் ஏறாத கிஷி

ஜப்பானியப் பிரதமர் ஒருவரின் கதை வையம்பட்டிக்காரருக்கு எதற்கு என்று கேட்கலாம். திருச்சி ஜில்லாவிலிருந்து மலேயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலித் தொழிலாளர்கள் ஏராளம். 1942-43ல் ஜப்பானிய ராணுவம் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துச் சென்றது. 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பட்டினியிலும் காட்டிலேயே மாண்டவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது.

1941 டிசம்பரில் அந்த யுத்தப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட மந்திரிகளில் ஒருவர் நொபுசுகே கிஷி. டோஜோ சர்க்காரின் தொழில், வர்த்தக மந்திரி. அதற்கு முன்பு மஞ்சூரியாவில் சீனத் தொழிலாளரின் உழைப்பைச் சூறையாடி ஆலைகளை வளர்த்த அதிகாரி. யுத்தக் குற்றவாளி என்ற சந்தேகத்தில் மூன்றாண்டு சிறையில் இருந்தார். 1948 டிசம்பர் 23ல் டோஜோவுக்குத் தூக்கு. மறுநாளே கிஷிக்கு விடுதலை! விசாரணையே இல்லை. கம்யூனிஸ்ட் எதிர்ப்புக்கு ஆள் தேடிய அமெரிக்காவுக்கு இப்படிப்பட்டவர்தானே வேண்டும்?

1957ல் அவரே பிரதமர். அவ்வாண்டு மே மாதம் டில்லியில் அவருக்கு ராஜ மரியாதை. சயாம் காட்டுக் கணக்கை அங்கே யார் கேட்பது?

ஜப்பானிய மக்கள் அவரைச் சும்மா விடவில்லை. 1960ல் அமெரிக்க ராணுவ ஒப்பந்தத்தை நிறைவேற்ற, எதிர்க்கட்சி அங்கத்தினர்களைப் போலீசை விட்டுப் பார்லிமெண்டிலிருந்து தூக்கி வெளியேற்றினார் கிஷி. லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். ஜூன் 15ல் மிச்சிகோ கன்பா என்ற மாணவி மாண்டார். ஐசனோவரின் விஜயம் ரத்தாயிற்று. ஜூலையில் கிஷி பதவி இழந்தார். ஒப்பந்தம் மட்டும் அமலுக்கு வந்துவிட்டது.

1987ல், 90வது வயதில் கிஷி காலமானார். பேரன் ஷின்சோ அபேயும் பின்னர் பிரதமரானார். கிஷியை மட்டும் கடைசிவரை எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவில்லை.