சிறு துளி மசகு

கார் பிரேக்கிற்குத் தடவும் கிரீஸைப் பற்றி எழுத மன்ற இதழ்தானா கிடைத்தது என்று சிலர் முணுமுணுப்பீர்கள். முணுமுணுக்கட்டும். உயிரோடு தொடர்புள்ள செய்தி எதுவும் நமக்குப் புறம்பானதன்று என்பது என் கருத்து.

சென்ற விடுமுறையில், தென் அந்தமானில், முன்பு மவுண்ட் ஹாரியட் எனப்பட்ட மவுண்ட் மணிப்பூர் மலையிலிருந்து மாமாவின் காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் தீய்ந்த நாற்றம். வண்டி இடப்புறமாக இழுத்தது. நிறுத்திப் பார்த்தால், முன்சக்கரம் ஒன்றின் அருகே கை வைக்க முடியவில்லை, அத்தனை சூடு! காலிப்பரின் பின்கள் இறுகிப்போய், பேட் டிஸ்க்கை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. இரண்டு திங்களுக்கு முன்புதான் ஒரு பட்டறையில், "நன்றாகக் கிரீஸ் போட்டிருக்கிறோம்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆம், போட்டிருந்தார்கள், சக்கர பேரிங்கிற்குப் போடும் அதே கிரீஸை!

அதனால் என்ன என்கிறீர்களா? எண்ணிப் பாருங்கள். காலிப்பர் நகர்வதற்கு இரண்டு பின்கள். அவற்றைத் தூசியும் நீரும் அண்டாமல் காக்க ரப்பர் உறைகள். பிரேக் திரவத்தைத் தாங்கும் அந்த ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். உப்பிய ரப்பர் பின்னை இறுக்கும். பெயரோ மசகு, செய்வதோ முட்டுக்கட்டை வேலை!

அதிலும் இது தீவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, நாற்புறமும் உப்புக் காற்று. வறண்ட ஊரில் பொறுக்கும் பிழை இங்கே பொறுக்காது.

பின்களுக்கு வேண்டுவது சிலிக்கோன் கிரீஸ், அல்லது பிரேக் ரப்பருக்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்ட செயற்கைக் கிரீஸ். பேட்டின் காதுகள் உராயும் இடங்களுக்கு வெப்பம் தாங்கும் செராமிக் பசை. செம்பு கலந்த பசை பழைய வழக்கம். உப்பீரத்தில் அது அலுமினியம் அரிபடத் துணைபோகும். ஆகவே இங்கே தவிர்ப்பதே நலம்.

தடவுவதிலும் முறை உண்டு. பழைய கிரீஸைப் பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள், மண்ணெண்ணெய் வேண்டாம். துருவைத் தேய்த்து அகற்றுங்கள். கிழிந்த உறையை மாற்றுங்கள். பிறகு மெல்லிய பூச்சு போதும். அள்ளி அப்பினால் துளைக்குள் காற்று அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளும். பேட்டின் உராயும் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு பொட்டும் படலாகாது. பட்டால் பிரேக் பிடிக்காது. வண்டியை எடுக்குமுன் பெடலைப் பலமுறை மிதித்து, அது கெட்டிப்படுகிறதா என்று பாருங்கள்.

"இது மெக்கானிக் வேலை, பட்டம் படிப்பவனுக்கு எதற்கு?" என்பார் உண்டு. இந்த எண்ணத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். ரப்பரையும் ஹைட்ரோகார்பனையும் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்குகிறோம். தேர்வு மண்டபத்தோடு அந்த அறிவைப் புதைத்து விடுகிறோம். பட்டறைத் தோழரை நான் குறை கூறவில்லை. டப்பாவின் மேலுள்ள ஆங்கில எழுத்தைத் தமிழில் அவருக்கு எடுத்துச் சொல்ல நம்மில் எவர் முன்வந்தோம்?

மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிற்பகல் பட்டறைத் தோழர்களை வளாகத்திற்கு அழையுங்கள். அவர்கள் கைத்திறனைக் காட்டட்டும். நாம் கற்றதைத் தமிழில் சொல்வோம். தேரின் அச்சாணியை மதித்த மரபினர் நாம். காரின் பின்னையும் மதிக்கக் கற்போம்!