குமரிக்கண்டம் எதற்கு, ஸ்ரீபெரும்புதூர் இருக்கும்போது?

ஒரகடத்தில் வேலை பார்க்கும் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் மாதம் ஒருமுறையாவது குமரிக்கண்ட வரைபடம் வந்து விழுகிறது. மடகாஸ்கரிலிருந்து ஆஸ்திரேலியா வரை பச்சை பூசிய ஒரு கண்டம், நடுவில் பஃறுளி ஆறு. அனுப்புகிறவர்கள் எல்லாரும் பி.இ. படித்தவர்கள். அதுதான் எரிச்சல்.

மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த உயிரினங்கள் இருப்பதை விளக்க 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் ஊகித்த நிலம் லெமூரியா. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்த ஊகத்துக்கு வேலையில்லாமல் போனது. நாம்தான் விடுவதாயில்லை.

“அப்போ கடல்கோள் பொய்யா?” என்பார்கள். இல்லை சார். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. நம் கண்டத்திட்டின் பெரும்பகுதி அப்போது வெயில் காய்ந்த தரை. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். சாட்சி மண்ணிலேயே இருக்கிறது. கரையோரத்தில் இன்றைய ஆறுகளின் வண்டல். திட்டின் வெளிவிளிம்பிலோ, அந்த ஆழத்துக்குப் பொருந்தாத பழைய கரைமணலும் சிப்பி உடைசலும். மாமல்லபுரத்துக்கும் காரைக்காலுக்கும் எதிரே இறந்த பவளப்பாறைகள் கிடக்கின்றன. பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும்; அது வளர்ந்தபோது அங்கே ஆழமில்லை என்று அர்த்தம். பிறகு சுமார் 13,000 ஆண்டுகளில் நீர் ஏறியது, சராசரியாக நூற்றாண்டுக்கு ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவாக. ஒரே ராத்திரியில் கண்டம் எதுவும் முழுகவில்லை. திட்டைத் தாண்டினால் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். அடியார்க்கு நல்லார் எண்ணிச் சொன்ன 49 நாடுகளை அங்கே எங்கே வைப்பது?

எனக்கு ஆறாத விஷயம் வேறு. வரைபடம் அனுப்புகிறவரின் காலுக்கு அடியிலேயே ஒரு கடல் இருக்கிறது. நமக்கு ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் ஊர், கார் ஊர். நிலவியலாளருக்கு அது ஒரு பாறைப் படிவின் பெயர். 10 கோடி ஆண்டுகளுக்கும் முன், கோண்டுவானா பிளந்து இந்தியாவின் கீழைக்கரை அண்டார்க்டிகாவை விட்டு விலகிய காலத்தில், தாழ்ந்த நிலத்துக்குள் புகுந்த ஆழமற்ற கடலில் படிந்த களிப்பாறை அது. அம்மோனைட் ஓடுகளும் நிலத்துச் செடிகளின் இலைத்தடங்களும் அந்தப் படிவில் கிடைக்கின்றன. கரை பக்கத்திலேயே இருந்திருக்கிறது. இன்றைய கடற்கரை 30 கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே.

திருவக்கரைக் கல்மரங்களுக்கு வேலி போட்டுப் பூங்கா ஆக்கியிருக்கிறோம். இங்கே அஸ்திவாரக் குழியில் வரும் மண்ணை லோடு கணக்கில் விலை பேசி, யாரோ வாங்கிய பிளாட்டில் கொட்டி மேடாக்குகிறோம். தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை; என் சம்பளமும் அங்கிருந்துதான். குழி தோண்டும் நாட்களில் ஒரு நிலவியல் மாணவரை உள்ளே விடுங்கள். ஒரே ஒரு வெட்டுமுகத்தை மட்டும் கான்கிரீட் போடாமல் விட்டு, கூரை போட்டு, தமிழில் ஒரு பலகை வையுங்கள்.