அண்ணா என்றால் யார்?

என் அகதி விண்ணப்பம் 'அண்ணா' என்ற ஒரே சொல்லில் கவிழப் பார்த்தது.

1993இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலை இரவுப் படகில் கடந்து கொழும்பு வந்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தபோது சுற்றிவளைப்பில் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் ரொறன்ரோவில் தஞ்சம் கேட்டேன். படிவம் நிரப்பித் தந்தவர் 'சகோதரன் கைது' என்று எழுதினார். குடும்ப விவரத்திலோ, கூடப்பிறந்தது தங்கை ஒருத்திதான் என்று இருந்தது.

விசாரணையில் கேட்டார்கள்: சகோதரனே இல்லாத உங்களுக்கு யாரைப் பிடித்தார்கள்? எனக்குக் கேள்வி விளங்கவில்லை. "அண்ணாவைத்தான்" என்றேன். திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் அதையே சொன்னேன். பெரியப்பாவின் மகனை வேறெப்படிச் சொல்வது? ஒரே வளவில், ஒரே கிணற்றில் குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

மொழிபெயர்த்த அம்மா யாழ்ப்பாணத்தவர். சொந்தமாக எதையும் சேர்த்துச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. இது மொழிச் சிக்கல், ஒரு கேள்வி கேட்கலாமா என்று அனுமதி வாங்கினார். "பிள்ளை, அண்ணான்ரை தகப்பன் ஆர்?" "பெரியப்பா." இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இல்லையென்றால் நான் பொய்க்காரி.

அந்த விசாரணை அறையும் தானாகக் கிடைத்ததல்ல. அகதிக் கோரிக்கையைக் காகிதத்தில் பார்த்தே நிராகரிக்கும் வழக்கம் கனடாவிலும் இருந்தது. சீக்கியர்கள் உள்ளிட்ட சிலர் வழக்காடினார்கள். நம்பகத்தன்மையே கேள்வியாகும்போது ஆளை நேரில் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழருக்குப் பின்னால் வந்த நாங்கள், அன்று வழக்காடியவர்கள் போட்ட பாதையில் நடந்தவர்கள்.

தஞ்சம் கேட்பவர் கையில் பெரும்பாலும் சொல்லைத் தவிர வேறு சாட்சி இருக்காது. ஆனால் அந்தச் சொல் படிவத்துக்குள் எளிதில் அடங்காது. எங்கள் ஊரில் தேதியை நல்லூர்த் திருவிழாவை வைத்தும் ஐப்பசி மழையை வைத்தும் நினைவு வைத்திருப்பார்கள். 'இயக்கத்துக்குச் சாப்பாடு குடுத்தனாங்கள்' என்றால், வாசலில் வந்து கேட்டவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தது. அதையே 'இயக்கத்துக்கு ஆதரவளித்தோம்' என்று மாற்றினால் கதையே வேறு. 2006இல் அந்த இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள் அமைப்பு, கனடாவில் தடைசெய்யப்பட்ட பிறகு, அந்த வேறுபாடு ஒருவரின் வாழ்க்கையையே புரட்டிப் போடலாம்.

ஆகவே இரண்டு காரியம் நடக்க வேண்டும். விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரை, கோரிக்கைகளை விசாரிக்கும் அகதிகள் வாரியம் தருகிறது. படிவம் நிரப்பும்போது அந்தப் பொறுப்பு விண்ணப்பிப்பவரின் தலையில் விழுகிறது. என் பிழை பிறந்ததும் அங்கேதான். அந்தக் கட்டத்திலும் தேர்ச்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அரசு தர வேண்டும். அடுத்தது, வரிசை நீள்கிறதென்று காரணம் காட்டி நேர்முக விசாரணையைக் குறுக்கக் கூடாது. காகிதத்தைக் கேள்வி கேட்டால் அது பதில் சொல்லாது.

என் படிவத்தில் பிறகு 'பெரியப்பா மகன்' என்று திருத்தினார்கள். அந்த வரியால்தான் எனக்கு இந்த நாடு கிடைத்தது. இன்று அந்த விசாரணைகளில் இருப்பவர்கள் பலர் அரபும் தாரியும் திக்ரின்யாவும் பேசுகிறார்கள். அவர்களுக்கும் ஒரு அண்ணா இருப்பார். "அவர் தகப்பன் யார்?" என்று கேட்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.