லாவெனத்திலிருந்து சட்ராஸுக்கு

சட்ராஸ் என்கிற சதுரங்கப்பட்டினத்துப் பெரியவர்களே, தம்பி தங்கைகளே,

இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் லாவெனம் என்ற சிற்றூரில் குடியிருக்கிறேன். மரச்சட்டம் போட்டுக் கட்டிய வீடுகள், குடித்துவிட்டு நிற்பவனைப் போல ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சாய்ந்தபடியே ஐந்நூறு வருஷத்தை ஓட்டிவிட்டன.

ஒரு காலத்தில் இது நெசவூர். நம்ம அவுரி மாதிரி நீலம் தரும் ஒரு செடியில் கம்பளியைத் தோய்த்து நெய்து கப்பலேற்றினார்கள். 1520களில் இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் ஒன்று. அப்புறம் டச்சுக்காரர்கள் அகதிகளாக வந்து கோல்செஸ்டரில் தறி போட்டார்கள். துணி லேசு, விலையும் மலிவு. லாவெனம் படுத்துவிட்டது. இடித்துக் கட்டக் காசில்லாமல் போனதால்தான் அந்த வீடுகளே தப்பின.

டச்சுக்காரர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே நெசவைக் கெடுத்த அதே இனம், 17ஆம் நூற்றாண்டில் நம்ம கடற்கரைக்கு வந்து மஸ்லின் துணிக்காகக் கிடங்கு கட்டிக் கோட்டை எழுப்பியது! 1781இல் இங்கிலீஷ்காரன் கோட்டையைப் பிடித்தான். மறு வருஷம் பிப்ரவரியில் பிரெஞ்சுக் கப்பல்களும் அவன் கப்பல்களும் நம்ம கடலில் மோதின. 1824 ஒப்பந்தத்தோடு டச்சுக்காரர் கதை முடிந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சின்ன வயசில் அந்தக் கோட்டைக்குள் கிரிக்கெட் ஆடும்போது பந்து டச்சுக் கல்லறைப் பக்கம் போகும். எடுக்கப் போன நான் ஒருநாள் ஒரு கல்லறைக் கல்லில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. குலச்சின்னம், சுற்றிலும் புரியாத எழுத்து; ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. செத்த டச்சுக்காரனின் பேர் அப்படி நிற்கிறது. அவன் வாங்கிய துணியை நெய்தவர் பேர்?

இங்கேயும் அதே கதைதான் என்று சொல்லிவிடுகிறேன். 1523இல் இறந்த தாமஸ் ஸ்பிரிங் என்ற ஜவுளி வியாபாரியின் குடும்பச் சின்னம் மாதாகோயில் கோபுரத்தில் இருக்கிறது. தறியில் உட்கார்ந்தவன் பேரை நான் எந்தக் கல்லிலும் பார்க்கவில்லை. ஆனால் பழைய சங்கக் கட்டடத்தைக் காட்சிக்கூடமாக்கி, நெசவைப் பற்றியாவது சொல்கிறார்கள்.

நம்ம ஊரில் நெசவாளர் பேரைக் கல்லில் தேடிப் பிரயோஜனமில்லை. பரணில் கிடக்கும் பழைய பத்திரங்களை இறக்குங்கள். நாலு எல்லையைச் சொல்லும் செக்குபந்தியில் அழிந்துபோன தெருப் பேர் இருக்கும். விற்றவர், வாங்கினவர் பேருக்குப் பக்கத்தில் இன்ன ஜீவனம் என்று எழுதியிருப்பார்கள். பயிர் ஜீவனம், நெசவு ஜீவனம், எதுவானாலும் போனில் படம் பிடித்து அனுப்புங்கள்.

எங்க வீட்டுப் பத்திரத்தில் சரியாக ஜீவனம் எழுதிய இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. மேலண்டை வீட்டுச் சித்தப்பா, உங்க மனையை எங்க கொள்ளுத்தாத்தாதான் விற்றதாக ஆயா சொல்லும். அவருக்கு என்ன ஜீவனம் போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். தை மாதம் வருகிறேன்.

இப்படிக்கு,
கோட்டைத் தெருப் பிள்ளை