மலைப்பனியிலும் மொறுமொறு சுருள்!

கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் கொடைக்கானலில் வெண்ணெய் மணம் வீசும். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இங்கே இரண்டு பங்களா கட்டினார்களே, வெள்ளைக்காரர் பட்சணங்கள் இந்த ஊருக்குப் புதிதா என்ன?

இந்தத் தடவை நார்வே நாட்டு 'க்ரும்காக்கெ'. 'வளைந்த கேக்' என்று அர்த்தம். கிறிஸ்துமஸுக்கு ஏழு வகைப் பட்சணம் செய்வது அந்நாட்டு வழக்கம். இது நம் அச்சு முறுக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை! எண்ணெயில் பொரிக்காமல், பூவேலை செய்த இரட்டை இரும்புத் தகட்டுக்கு நடுவே சுடுவார்கள். வாசனைக்கு ஏலக்காய், நம் தாண்டிக்குடிப் பக்கம் விளைகிறதே, அதேதான்.

தேவை: மைதா முக்கால் கப், சர்க்கரை அரை கப், முட்டை 2, உருக்கிய வெண்ணெய் கால் கப், பால் அரை கப், ஏலக்காய்ப்பொடி அரை டீஸ்பூன்.

முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக அடித்து, வெண்ணெய், பால், ஏலப்பொடி, மைதா சேர்த்துக் கட்டியில்லாமல் கரையுங்கள். தோசை மாவை விடச் சற்று நீர்க்க இருக்கட்டும். இரும்பு அச்சு இல்லையா? நன்றாகப் பழகிய தோசைக்கல் போதும். தீயைக் குறைத்து, ஒரு மேஜைக்கரண்டி மாவை மெல்லிசாகத் தேயுங்கள். இரண்டு பக்கமும் இளம் பொன்னிறமானதும் எடுத்து, மரக்கரண்டிக் காம்பில் உடனே சுருட்டுங்கள்.

"அக்கா, ஆறினப்புறம் சுருட்டக் கூடாதா? கை சுடுதே!" என்றாள் பக்கத்து வீட்டு மருமகள். கூடாதும்மா. ஆறினால் அப்பளம் மாதிரி ஒடிஞ்சிடும். பத்து விநாடிக்குள் சுருட்டியாக வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், இது பெரியவர்கள் வேலை. சூடான சர்க்கரை விரலில் ஒட்டிக்கொண்டு சுடும். பருத்தித் துணியை மடித்துப் பிடியுங்கள். குழந்தைகளை அடுப்பை விட்டுத் தள்ளி உட்காரவைத்து, ஏலக்காய் உரிக்கச் சொல்லுங்கள். ஆறிய சுருள்களை எண்ணி அடுக்கச் சொல்லுங்கள். அப்படியும் சுட்டுக்கொண்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். வெண்ணெய், மை, பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பச்சைக் குழந்தைக்குச் சுட்டால் டாக்டரிடம் காட்டிவிடுவதே நல்லது.

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் மேகமே சமையலறைக்குள் வந்துவிடும். சர்க்கரை ஈரத்தை இழுப்பதால் சுருள் சீக்கிரம் நமத்துப் போகும். முழுக்க ஆறிய பிறகே இறுக்கமான டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவியே கெடுத்துவிடும். க்ரீம் வைப்பதானால் சாப்பிடும்போது வையுங்கள்.

வருகிற பண்டிகைத் தட்டில் அச்சு முறுக்குக்குப் பக்கத்தில் இந்தத் தங்கைக்கும் ஓர் இடம் கொடுங்களேன்!