கைராசி டாக்டரும் தலைப்பிரசவமும்

வீட்டில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த மறுநாளே "எந்த டாக்டர்கிட்ட காட்டறது?" என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். பதிலும் தயாராக இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவம் பார்த்தவர், சித்தி மகளுக்கு 'சுகமா' ஆன ஆஸ்பத்திரி, அதுவும் இல்லாவிட்டால் ஊரே சொல்லும் கைராசி டாக்டரம்மா. ஒரு மிக்ஸி வாங்க நாலு கடை ஏறி இறங்கி, வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்கும் அதே குடும்பம், இந்த விஷயத்தில் மட்டும் ஒரே ஒரு ஆளின் வார்த்தையை நம்பிக் கிளம்பிவிடுகிறது.

கைராசியைக் கேலி செய்வது சுலபம். ஆனால் ஊர் சொல்லும் நல்ல பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பொறுமையாகப் பேசுவார், எரிந்து விழமாட்டார், கூப்பிட்டால் வருவார் என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான பிரசவங்கள், ஓரளவு பயிற்சி உள்ள யார் பார்த்தாலும் நல்லபடியாக முடியக்கூடியவை. ரத்தப்போக்கு நிற்காமல் போகும்போது, அல்லது குழந்தையின் இதயத்துடிப்பு திடீரென்று குறையும்போதுதான் ஓர் ஆஸ்பத்திரியின் உண்மையான தரம் வெளியே வரும். அந்த நிலைமை தனக்கு வராத பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. அவர் சொல்வது பொய்யல்ல. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1963-ல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் பேசுகிறது. மருத்துவம் மற்ற சரக்குகளைப் போன்றதல்ல, விற்பவருக்குத் தெரிந்ததில் பாதிகூட வாங்குபவருக்குத் தெரியாது என்பது அதன் சாரம். கத்தரிக்காய் சொத்தையாக இருந்தால் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போகலாம். தலைப்பிரசவத்துக்கு அடுத்த வாரம் கிடையாது.

தமிழ்நாட்டில் இதில் இன்னொரு முடிச்சும் விழுகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். சென்னையிலோ திருப்பூரிலோ பெங்களூரிலோ குடியிருக்கும் பெண் முதல் ஆறேழு மாதம் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டுகிறாள். வளைகாப்பு முடிந்ததும் வளையல் குலுங்க அம்மா வீட்டுக்கு, சங்கரன்கோவிலுக்கோ பட்டுக்கோட்டைக்கோ போய்ச் சேருகிறாள். ஆக, ஒரு பிரசவத்துக்கு இரண்டு டாக்டர். மாதாமாதம் பார்த்தவர் பிரசவம் பார்ப்பதில்லை, பிரசவம் பார்க்கப்போகிறவர் ஆரம்பத்தைப் பார்த்ததில்லை. அந்த இரண்டாவது டாக்டரைத் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் பெண்ணின் அம்மாதான். பெண் வந்து இறங்கும்போது எல்லாம் பேசி முடிந்திருக்கும்.

வழக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரசவித்த பெண்ணுக்கு நாற்பது நாள் ஓய்வும் பத்தியச் சாப்பாடும் தாய்வீட்டில்தான் கிடைக்கிறது என்றால், அதை விட்டுவிடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நடுவில் ஒரு ஃபைல் கைமாறுகிறது. அதில் எது விடுபட்டாலும் ஆபத்து என்பதைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் வெறும் படமல்ல. பிரசவத் தேதியை ஓரளவு சரியாகச் சொல்வது அதுதான். ஒன்பதாம் மாத ஸ்கேனை வைத்துத் தேதி கணக்கிட்டால் இரண்டு, மூன்று வாரம்கூடப் பிசகலாம். அந்த முதல் ஸ்கேன் பழைய வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டால், "தேதி தாண்டிடுச்சு" என்று புது டாக்டர் சொல்வது சரிதானா என்று சரிபார்க்க ஒன்றும் இருக்காது.

ரத்தவகை நெகட்டிவ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆன்டி-டி ஊசியை 28 வார வாக்கில் ஒருமுறையும், குழந்தையின் ரத்தவகை பாசிட்டிவ் என்றால் பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் போடுவார்கள். 28 வாரம் என்பது ஏழாம் மாதம். அதாவது, பெட்டி கட்டி ஊருக்குக் கிளம்பும் அதே நேரம்! அங்கே போட்டிருப்பார்கள் என்று இவரும், ஊரில் போட்டுக்கொள்வார்கள் என்று அவரும் இருந்துவிட்டால், அடுத்த பிள்ளைக்குத்தான் அதன் விளைவு தெரியும்.

அரசு ஏற்பாட்டில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் பதிந்து தரும் பிக்மி எண் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது அதைக் கேட்பார்கள் என்பதால் தனியாரிடம் காட்டுகிறவர்களும் பதிந்துகொள்கிறார்கள். சான்றிதழுக்காகப் பதிகிறவர்கள், அதே எண்ணை வைத்துப் பரிசோதனை விவரங்களையும் முழுதாக ஏற்றச் சொல்லிக் கேட்பதில்லை.

இனி, எல்லோரும் மென்று விழுங்கும் விஷயம்: ஆபரேஷன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8 சதவீதம். இந்தியா முழுவதற்குமான கணக்கு 21.5தான். முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 34.1 ஆக இருந்தது. சிசேரியன் பத்து சதவீதத்தைத் தாண்டிக் கூடுவதால் ஒரு நாட்டில் தாய், சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது.

உடனே "காசுக்காகக் கிழிக்கிறாங்க" என்று முடித்துவிடுவது வழக்கம். காசும் ஒரு காரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் சின்ன ஊரில் பத்துப் படுக்கை நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டரின் இடத்தில் இருந்து பார்த்தால் வேறு படம் தெரியும். மயக்க டாக்டர் அங்கேயே இருப்பவர் அல்ல, அழைத்தால் நாலு ஆஸ்பத்திரிக்கு நடுவில் வந்துபோகிறவர். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் கிடைப்பார், ராத்திரி மூன்று மணிக்குக் கிடைப்பாரா என்பது சந்தேகம். ஏதாவது தவறிப்போனால் உறவினர்கள் கண்ணாடியை உடைப்பார்கள் (ஆஸ்பத்திரிகளைத் தாக்குவதைத் தடுக்க 2008-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது). இதற்கு நடுவில் ஜோசியரிடம் நேரம் குறித்து வாங்கிக்கொண்டு, "இந்த நட்சத்திரத்துல எடுத்துடுங்க டாக்டர்" என்று வந்து நிற்கும் குடும்பங்கள் வேறு. இத்தனைக்கும் நடுவில் ஒருவர் கத்தியை எடுத்தால் அது முழுக்க அவருடைய பேராசை மட்டும் இல்லை.

அதனால்தான் கேட்க வேண்டிய கேள்வி "டாக்டர் நல்லவரா?" என்பதல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தால் அங்கே யார் இருப்பார்? மயக்க டாக்டர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? ரத்தம் எங்கிருந்து வரும்? குறைமாதக் குழந்தை என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அது எத்தனை கிலோமீட்டர்? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லும் சாதாரண டாக்டர், முப்பது மைல் தள்ளி இருக்கும் பெயர்பெற்றவரைவிட மேல். பக்கத்தில் இருப்பது என்பதே பிரசவத்தில் ஒரு தகுதி. பெயர்பலகையில் இருக்கும் டி.ஜி.ஓ., எம்.டி., டி.என்.பி. எழுத்துக்களைப் பார்ப்பதும், பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சிலில் சரிபார்ப்பதும் அவசியம்தான். ஆனால் அது முதல் படி மட்டுமே.

இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால், நடுத்தர வர்க்கம் திரும்பிக்கூடப் பார்க்காத இடம் ஒன்று முன்னுக்கு வரும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும், சில தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் இருக்கும் சீமாங்க் மையங்கள். இருபத்துநாலு மணி நேரமும் மகப்பேறு டாக்டர், மயக்க டாக்டர், ரத்தம், பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்பதற்காகவே அமைத்தவை. கூட்டம் உண்டு, கழிப்பறை பற்றிச் சொல்லவே வேண்டாம், அதட்டலும் உண்டு. ஏசி அறையில் நடுராத்திரி நிலைமை மோசமானால் கடைசியில் ஆம்புலன்ஸ் போய் நிற்பதும் பல ஊர்களில் அந்த வாசலில்தான்.

எண்ணைக் கேட்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "உங்க ஆஸ்பத்திரியில எத்தனை சதவீதம் ஆபரேஷன்?" என்று மொட்டையாகக் கேட்டால், சிக்கலான கேஸ்கள் வந்து குவியும் பெரிய ஆஸ்பத்திரி அநியாயமாக மாட்டிக்கொள்ளும். தலைப்பிரசவம், மாதம் நிறைந்தது, ஒற்றைக் குழந்தை, தலை கீழே, வலி தானாகவே வந்தது: இப்படிப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் என்று கேட்க வேண்டும். ராப்சன் வகைப்பாடு என்று பிரசவங்களைப் பத்துப் பிரிவாகப் பிரிக்கும் முறை இருக்கிறது, இது அதில் முதல் பிரிவு. கணக்கு வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இதை ஒவ்வொரு கர்ப்பிணியும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்ன? தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிகளை ஒழுங்குபடுத்த 1997-லேயே சட்டம் வந்தது. அதன் விதிகள் 2018-ல் வந்தன. எல்லா ஸ்கேன் சென்டரிலும் 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது' என்ற பலகை சட்டப்படி தொங்குகிறது. அதன் பக்கத்தில் போன வருடத்துப் பிரசவம் எத்தனை, முதல் பிரிவில் ஆபரேஷன் எத்தனை என்று இன்னொரு பலகை மாட்டச் சொல்வதில் என்ன கஷ்டம்? கம்பெனிகள் வருடா வருடம் பேலன்ஸ் ஷீட்டை வெளியிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதில் பணம் போடுகிறவர்களைவிடப் பிரசவ அறைக்குள் போகிறவள் பணயம் வைப்பது அதிகம்.

அந்தப் பலகை வரும்வரை கேட்டுத்தான் ஆகவேண்டும். அதுவும் கர்ப்பிணியே கேட்க வேண்டும். கன்சல்டிங் அறையில் அம்மாவும் மாமியாரும் நாற்காலியில் உட்கார்ந்து பேச, வயிற்றில் சுமப்பவள் ஸ்டூலில் தலை குனிந்து இருப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் மாதவிடாய்ப் பிரச்சினைக்காக இந்த டாக்டர்களிடம் போனாலே ஊர் ஒரு மாதிரி பார்க்கும். அதனால், கர்ப்பமான பிறகுதான் பலர் அந்த அறைக்குள் முதல்முறையாக நுழைகிறார்கள். வாய் எங்கிருந்து வரும்?

ஐந்தாம் மாதத்தில் ஊருக்கு ஒருமுறை போய், பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரிடம் ஃபைலைக் காட்டி, மேலே சொன்ன நாலு கேள்வியையும் கேட்டுவிட்டு வரலாம். சில டாக்டர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஐந்தாம் மாதத்திலேயே அது தெரிந்துவிட்டால் வேறு டாக்டரைப் பார்க்க இன்னும் நாலு மாதம் இருக்கிறது.